ஒன்பதாவது ஃபேன்

என் அக்கா என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்துவிடும். படம் வரைவாள். அதோடு முடிந்தால் பரவாயில்லை. ஜன்னல் கம்பிவலையில் நூல் கோத்துத் தைப்பாள். தண்ணீர்க் குழாயின் ஒரு முனையில் பாடி, மறுமுனையில் வருவதைப் பதிவு செய்வாள். ஐம்பத்தெட்டு வயதில் ஓர் ஏணியோடு மேடையில் ஆடுகிறாள். அம்மா உயிரோடு இருந்தவரை எந்தப் படிவத்திலும் அக்காவின் தொழில் என்ற இடத்தில் ‘ஓவியம் முதலியன’ என்று எழுதுவாள். அந்த ‘முதலியன’வுக்குள்தான் அக்கா முப்பது வருஷத்துக்கு மேலாகக் குடித்தனம் நடத்துகிறாள்.

எனக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஃபேன், மோட்டார் ரிப்பேர். பத்துக்குப் பதினாலு அடியில் ஒரு கடை, ஒரு பெஞ்சு, சுவர் நிறைய ஸ்பேனர். கழற்றாமலே, கீழே நின்று கேட்டே, ஃபேனில் எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அக்காவைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறோம் என்று மூன்று பேர் ஒருநாள் காலையில் கடைக்கு வந்தார்கள். டைரக்டர் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், கையில் நோட்டு இல்லாமல் அவளைப் பார்க்கவே முடியாது. கேமராக்காரர் நெட்டை; வந்த ஐந்து நிமிஷத்தில் என் டியூப்லைட்டில் இரண்டு தடவை இடித்துக்கொண்டார். மூன்றாமவர் சவுண்டுக்காரர். என் வயசு, அதிகம் பேசாதவர். அவரைத்தான் எனக்குப் பிடித்தது.

அவர் என் சட்டையில் பொத்தான் மாதிரி ஒரு மைக்கைக் குத்திவிட்டு, “ஒரு நிமிஷம் யாரும் அசையாதீங்க, பேசாதீங்க. ரூம் சத்தம் எடுக்கணும்” என்றார்.

“யாருமே பேசலைன்னா என்னத்தை எடுப்பீங்க?” என்று கேட்டேன்.

“ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு சும்மா இருக்கிற சத்தம் உண்டு சார். படத்தை வெட்டி ஒட்டும்போது நடுவுல ஓட்டை தெரியாம இருக்க அதை வச்சுத்தான் அடைப்போம்.”

நாலு பேரும் சிலை மாதிரி நின்றோம். அந்த ஒரு நிமிஷத்தில் பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர் மோட்டாரில் பேரிங் போகப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. நிமிஷம் முடிந்ததும் அதைச் சொன்னேன். சவுண்டுக்காரர் முதல் தடவையாகச் சிரித்தார்.

டைரக்டர் பெண் நோட்டைப் புரட்டினாள். சின்ன வயசில் அக்கா எப்படி, அம்மா எப்படி என்றெல்லாம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் தடதடவென்று பதில் சொன்னேன். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மாவுக்கு பாட்டில் கழுவும் ஆலையில் பகல் ஷிஃப்ட். மாடியில் ஒரே அறை. அம்மா வெளியில் பூட்டிவிட்டுப் போவாள், உள்ளே ஒன்பது வயது அக்காவும் நாலு வயது நானும். சாயங்காலம்வரை நான் அழுதுகொண்டே இருப்பேனாம். எனக்கு அதெல்லாம் நினைவில்லை. அந்த அறை ஃபேன் ரொம்பச் சத்தம் போடும் என்பது மட்டும் நினைவிருக்கிறது. பதினோரு வயதில் நான் முதன்முதலாகக் கழற்றிச் சரிசெய்த ஃபேன் அதுதான். அம்மா உச்சி மோந்தாள். அக்கா மட்டும் ஏனோ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதுவரை நன்றாகத்தான் போனது. பிறகு அவள் கேட்டாள்: “‘வருகை’யை முதன்முதல்ல பாத்தப்போ உங்களுக்கு என்ன தோணுச்சு சார்?”

“நல்லா ஓடுச்சும்மா” என்றேன். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அவள் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். டீ வருகிறதா பார்க்கிறேன் என்று எழுந்து போய்விட்டேன், சட்டையில் மைக்கோடு.

‘வருகை’ என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குப் பேர் வாங்கித் தந்ததே அதுதான். நீளமான, இருட்டான கூடம். கூரையில் வரிசையாக ஒன்பது பழைய ஃபேன்கள். கடைசி ஃபேனுக்குக் கீழே, சின்னப் பிள்ளைகள் உட்காரும் உயரத்தில் ஒரு முக்காலி. பார்க்க வருபவர் அதில் தனியாக உட்கார வேண்டும். கூடத்தின் அந்தக் கோடியில் முதல் ஃபேன் சுற்றும். அது நிற்க, அடுத்தது சுற்றும். இப்படி ஒவ்வொன்றாகக் காற்று உங்களை நோக்கி வரும். சத்தமே இருக்காது. கண்ணுக்குத் தெரியாத யாரோ நடந்து வருவதுபோல் இருக்கும் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். ‘சத்தத்தைத் துறந்த காற்று’ என்று ஒருவர் பக்கம் பக்கமாக எழுதினார். பல ஊர்களுக்கு அதை எடுத்துப் போனாள். பெரிய மனிதர்கள் எல்லாம் முழங்கால் முகத்தில் இடிக்க அந்த முக்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார்கள்.

அந்த மௌனம் அக்காவுடையது அல்ல. அது என் கைவேலை. அக்காவையும் என்னையும் தவிர இது தெரிந்தது என் வீட்டுக்காரி ஒருத்திக்குத்தான்.

நடந்தது இதுதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், அம்மா போன அடுத்த வருஷம். அக்கா ஒன்றரை வருஷமாக ஊரெல்லாம் அலைந்து ஒன்பது பழைய ஃபேன் சேர்த்திருந்தாள். ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் ஒன்று, இரண்டு என்று எண். என்னைக் கூப்பிட்டுக் கூடத்தின் சாவியைக் கொடுத்தாள். “மாட்டி மட்டும் வை” என்றாள். அதோடு காய்ச்சலில் படுத்துவிட்டாள். எனக்கு இரண்டு பகல் கையில் இருந்தது.

ஒவ்வொன்றாக மாட்டி ஓட்டிப் பார்த்தேன். ஐயோ! ஒன்று உறுமுகிறது, ஒன்று டக் டக்கென்று அடிக்கிறது, இன்னொன்று கத்துகிற கத்தில் காது கூசுகிறது. ஏற்கெனவே அக்காவை ஊரே கிறுக்கு என்கிறது. நாலு பெரிய மனிதர் வருகிற இடத்தில் இப்படி ஓட்டை ஃபேன்களை ஓடவிட்டால், அவளைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்களா? தம்பி ஃபேன் மெக்கானிக், அக்கா வைத்த ஃபேன் இந்த லட்சணம் என்று என்னையும் சேர்த்துத்தான் சிரிப்பார்கள். ‘மாட்டி மட்டும் வை’ என்றது எனக்குச் சிரமம் வேண்டாம் என்ற கூச்சத்தில் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அக்கா என்னைச் சின்ன வயசிலிருந்து முந்திரிக்கொட்டை என்றுதான் கூப்பிடுவாள். காரணம் இல்லாமல் இல்லை.

இரண்டு பகலும் சோறு தண்ணி இல்லாமல் ஒன்பதையும் பிரித்தேன். பேரிங் மாற்றினேன், புஷ் மாற்றினேன், கிரீஸ் வைத்தேன். அம்மாவுக்குச் செய்வதுபோல நினைத்துக்கொண்டு செய்தேன். முடித்து ஓடவிட்டபோது, ஒன்பதும் பூனை நடப்பதுபோல் நடந்தன.

திறப்பு அன்று அக்கா காய்ச்சல் முகத்தோடு நேராக வந்து, எல்லோர் முன்னாலும் ஸ்விட்சைப் போட்டாள். காற்று வந்தது. சத்தம் வரவில்லை. அவள் கை ஸ்விட்சிலேயே இருந்தது. ஒரே ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. அந்தச் சத்தங்கள் கோளாறு அல்ல; ஒன்றரை வருஷம் அவள் தேடியது ஃபேன்களை அல்ல, அந்தச் சத்தங்களைத்தான். எதற்காக என்று மட்டும் புரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. “நல்லா ஓடுது” என்று மட்டும் சொன்னாள். மறுநாள் பத்திரிகையில் வந்துவிட்டது. அதன் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பேச்சு நிற்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். என் பிள்ளைக்கு உடம்பு முடியாதபோது பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தவள் அவள்தான். ஆனால் அதுவரை வாரத்துக்கு மூன்று தடவை ‘டேய், இதுக்கு ஒரு மோட்டார் போடுடா, அதுக்கு ஒரு கம்பி வளைச்சுக் குடுடா’ என்று கடைக்கு வந்தவள், அதற்குப் பிறகு ஒரு ஸ்க்ரூவுக்குக்கூட வரவில்லை. வேறு ஒரு மெக்கானிக்கிடம் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அது வலித்தது. இன்றுவரை வலிக்கிறது.

பேட்டி முடிந்த நாலாம் நாள், ஒரு வேன் கடை வாசலில் வந்து நின்றது. டைரக்டர் பெண் இறங்கினாள். பின்னால் ஒன்பது மரப்பெட்டிகள்.

“சார், ‘வருகை’யை மறுபடியும் மாட்டிப் படம் எடுக்கப்போறோம். படத்துக்கு நடுநாயகமே அதுதான். ரொம்ப வருஷம் குடோன்ல கெடந்ததுல எல்லாம் இறுகிப்போச்சு. மேடம் உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாங்க.”

“யாரு?”

“மேடம்தான் சார்.”

“அவளே சொன்னாளா?”

“ஆமா சார்.”

“வேற மெக்கானிக் யாரும் ஊர்ல இல்லையான்னு கேட்டீங்களா?”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “தம்பிகிட்ட குடுங்கன்னாங்க சார். அவ்வளவுதான் சொன்னாங்க.”

வேன் போன பிறகு பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். இறுகிய பேரிங்கை எடுத்து, புதுசு போட்டு, கிரீஸ் வைத்தால் இரண்டு நாள் வேலை. ஒன்பதும் சத்தமில்லாமல் ஓடும். படம் நன்றாக வரும். அக்காவின் பேர் அப்படியே இருக்கும். அதுதான் ஒழுங்கான வேலை. ஆனால் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பால்பவுடர் டப்பா இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எதை மாற்றினாலும், கழற்றிய பழைய பார்ட்டைக் கஸ்டமர் கையில் கொடுத்தாக வேண்டும். நிஜமாகவே மாற்றினோம் என்பதற்கு அதுதான் சாட்சி. கஸ்டமர் வாங்கித் தெருவில் எறியட்டும், அது அவர் பாடு. நாம் எறியக் கூடாது. அந்த ஒன்பது ஃபேன்களில் இருந்து கழற்றியது எல்லாம் அந்த டப்பாவில் இருந்தது. ஒவ்வொன்றிலும் அட்டைத் துண்டு கட்டி, எண்ணும் கோளாறும் எழுதியிருந்தேன். இருபத்திரண்டு வருஷமாகக் கொடுக்கவும் தைரியம் வரவில்லை, எறியவும் மனசு வரவில்லை.

மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த வீட்டுக்காரியிடம் சொன்னேன். பழைய பார்ட்டைத் திரும்பப் போட்டால் அக்கா அன்று நினைத்தது நடக்கும். ஆனால் இத்தனை வருஷம் அவளுக்கு விழுந்த கைதட்டல் எல்லாம் ஒரு மெக்கானிக்கின் அவசரத்துக்கு விழுந்தது என்று வெளியே தெரிந்துபோகும். ஒரு தடவை கெடுத்தவன் இரண்டாம் தடவையும் கெடுத்ததாக ஆகும். என்ன செய்ய?

அவள் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டே, “ஏங்க, போன தடவை என்ன தப்பு பண்ணினீங்க?” என்றாள்.

“கிரீஸ் வச்சேன்.”

“கிரீஸ் வச்சது தப்பில்ல. அண்ணிகிட்ட கேக்காம வச்சதுதான் தப்பு. இப்பவும் இங்கேயே உக்காந்து நீங்களே முடிவு பண்ணப்போறீங்களா? போய்க் கேளுங்களேன். வாய் இருக்குல்ல?”

முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் சொன்னது எது தப்பாகப் போயிருக்கிறது? சாப்பிட்ட கையோடு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அக்கா வீட்டில் முன்னறை என்று ஒன்று இருக்கிறதே தவிர, உட்கார இடம் இருக்காது. அன்றும் தரையெல்லாம் எக்ஸ்ரே படங்கள். அவள் நடுவில் சம்மணம் போட்டு, கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி, யாருடைய விலா எலும்பிலோ செம்புக் கம்பியால் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பி என் கடைக் கம்பி இல்லை. பார்த்தவுடன் தெரிந்தது. மட்டமான கம்பி.

“வாடா முந்திரிக்கொட்டை. எலும்பை மிதிச்சிடாதே” என்றாள், நிமிராமலே.

ஓரமாக உட்கார்ந்து டப்பாவை நகர்த்தினேன்.

“என்னது?”

“பழைய பார்ட்டு. கஸ்டமர்கிட்ட குடுக்கணும்ல. கொஞ்சம் லேட்டாயிடுச்சு.”

“எவ்வளவு லேட்டு?”

“இருபத்திரண்டு வருஷம்.”

ஊசி நின்றது. மூடியைத் திறந்தாள். ஒவ்வோர் அட்டையாக எடுத்து, என் கோணல் எழுத்தை வாய்க்குள்ளேயே படித்தாள். நாலாம் நம்பர் அட்டையில் வெறும் ஒரு வாஷர். அதை ஒரு கிண்ணத்தில் போட்டுக் காதருகே ஆட்டினாள். டிங் என்றது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் புறங்கையால் கண்ணை அழுத்திக்கொண்டாள்.

“தூக்கிப் போட்டிருப்பேன்னு நெனச்சேன்டா.”

“கஸ்டமர் பொருளை நான் தூக்கிப் போடுவேனா?” என்றேன். “அக்கா, உனக்கு என் மேல கோவமா?”

“அன்னிக்கு இருந்துச்சு. கொன்னுடலாம்போல இருந்துச்சு. திரும்பிப் பாக்கறேன், நீ கதவுகிட்ட நின்னு சிரிச்சுட்டிருக்கே. பரீட்சையில பாஸான மாதிரி. அந்த மூஞ்சியைப் பாத்துட்டு என்னத்தைச் சொல்றது?”

“நல்லா திட்டியிருக்கலாம்ல?”

“நாளைக்குத் திட்டலாம்னு வச்சிருந்தேன். மறுநாள் பேப்பர்ல வந்துடுச்சு. அப்புறம் எந்த வாயால திட்டுறது? உன் வேலைக்கு நான் கைதட்டு வாங்கிட்டு நிக்கிறேன். ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. சொல்லியிருக்கணும். சொன்னா நீ ஒடஞ்சுபோவேன்னு எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிக்கிட்டேன். நிஜம் என்னன்னா, கைதட்டும் நல்லாத்தான் இருந்துச்சு.”

“அதனாலதான் கடைக்கு வரலையா?”

“திருடின வீட்டுக்குள்ள திரும்பி எப்படிடா வர்றது?”

“நான் என்ன நெனச்சேன்னா, என் கையில குடுத்தா கெட்டுடும்னு பயந்துதான் நீ வேற ஆள்கிட்ட போறேன்னு.”

“அவன் ஒரு கூறுகெட்டவன்டா. இந்தக் கம்பியைப் பாரு, தொட்டா ஒடியுது.”

“நான் வந்தவுடனேயே பாத்துட்டேன்.”

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும்தான். அக்கா புடவைத் தலைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷம் இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து ஒரே கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

“இந்தத் தடவை கேட்டுட்டுச் செய்யறேன்” என்றேன். “புதுசு போடவா, பழசு போடவா? பழசு போட்டா உன் பேரு…”

“பேரு என்ன ஃபேனா, கழண்டு விழ? பழசைப் போடு.”

“டைரக்டர் பொண்ணு?”

“அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

“அந்தச் சத்தமெல்லாம் எதுக்குன்னாவது சொல்லேன்.”

“மாட்டு. அப்புறம் உனக்கே தெரியும்” என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

முப்பத்தெட்டு வருஷத் தொழிலில் ஃபேனைக் கெடுப்பதற்காக நான் உட்கார்ந்தது அந்த வாரம்தான். சரிசெய்வதைவிட அது கஷ்டம். பழைய பேரிங்கைப் போட்டால் மட்டும் போதாது. ஐந்தாம் நம்பரில் நான் வைத்த கிரீஸை பெட்ரோல் ஊற்றிக் கழுவி எடுத்து, காயவிட்டு, அது பழையபடி கத்துகிறதா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. ஆறாம் நம்பர் போல்ட்டை எத்தனை சுற்று தளர்த்துவது? அட்டையில் ‘ஒன்றரைச் சுற்று லூஸ்’ என்று நானே எழுதியிருந்தேன். அன்று திமிர் பிடித்த வயதிலும் இவ்வளவு ஒழுங்காக எழுதி வைத்தானே என்று அந்த முப்பத்தொரு வயதுப் பயலைக் கொஞ்சம் மன்னித்தேன். கடைக்கு வந்த ஒரு கஸ்டமர், நான் நல்ல போல்ட்டைத் தளர்த்துவதைப் பார்த்துவிட்டு, தன் மிக்ஸியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

படம் எடுக்கிற நாள் மத்தியானம், அதே மாதிரி நீளமான ஒரு கூடம். ஜன்னல்களைத் துணி போட்டு அடைத்திருந்தார்கள். ஒன்பதையும் மாட்டி முடித்து இறங்கினேன். ஓட்டிப் பார்க்கவில்லை. அக்கா வேண்டாம் என்றுவிட்டாள்.

கேமரா முன்னால் நின்று, என் தோளில் கை போட்டுக்கொண்டு, அக்கா நடந்ததை எல்லாம் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. டைரக்டர் பெண்ணின் கையில் நோட்டு அப்படியே நின்றது.

“அப்போ இத்தனை வருஷமா எல்லாரும் எழுதினது, அழுதது எல்லாம் பொய்யாம்மா?” என்றாள். மேடம் என்பது அவளை அறியாமல் அம்மா ஆகியிருந்தது.

“ஏன் பொய்யாகணும்? காத்து வந்துச்சுல்ல, அவங்க மேல பட்டுச்சுல்ல? அது என் தம்பி செஞ்சது. நல்ல வேலை. அதுக்கு அவன் பேரைப் போடு. இன்னிக்கு ஓடப்போறது நான் செஞ்சது. இது இப்பதான் முதல் தடவையா ஓடுது.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “டேய், போய் முக்காலில உக்காரு.”

“நானா?”

“உனக்காகத்தான்டா செஞ்சேன். வேற யார் உக்காருவா?”

முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் கூடத்தின் கதவு சாத்தியிருந்தது. எதிரே இருட்டு. அக்கா சுவரோரம் ஸ்விட்சுப் பலகையருகே நின்றாள்.

முதல் ஃபேன் தூரத்தில் உறுமியது. கண்டென்சர் வீக், என்றது என் மூளை. உறுமல் மெல்ல அடங்க, இரண்டாவது டக், டக் என்றது. பேரிங்கில் குழி. மூன்றாவதில் மேல்மூடிக் கிண்ணம் உரசியது, சரக், சரக், சரக்.

அந்த மூன்றாவதில் எனக்கு என்னவோ ஆயிற்று. கோளாறின் பெயர் வரவில்லை. அதற்குப் பதிலாக, ஒன்பது வயதுச் சிறுமியின் குரல் வந்தது. ‘அழாதே. கேளு, ஃபேன் சொல்லுது பாரு. மெஷினை நிறுத்தியாச்சு. டக்குன்னு ஷிஃப்ட் அட்டையில முத்திரை குத்தியாச்சு. இப்போ அம்மா செருப்பைத் தேச்சுத் தேச்சு நடக்கறா.’

நாலாவதில் வாஷர் டிங் என்றது. பஸ் மணி. ஐந்தாவது நீளமாகக் கத்தியது. எங்கள் நிறுத்தத்தில் பஸ் பிரேக் போடுகிறது. ஆறாவது தொம், தொம் என்று, மாடிப்படி. ஒவ்வொன்றும் என்னை நெருங்கி வந்தது. அந்த அறை, பூட்டிய கதவு, என்னை மடியில் போட்டுக்கொண்டு கூரையைக் காட்டிக் காட்டி அக்கா சொன்ன கதை, தினமும், சாயங்காலம்வரை, திரும்பத் திரும்ப. அந்த ஃபேனைத்தான் பதினோரு வயதில் நான் சரிசெய்து ஊமையாக்கினேன். அக்கா இரண்டு நாள் பேசாமல் இருந்தது எதற்கென்று ஐம்பத்து மூன்று வயதில் தெரிந்துகொண்டேன். அம்மா போன பிறகு அவள் ஊரெல்லாம் அலைந்து அந்தச் சத்தங்களை எனக்காக மறுபடி பொறுக்கி எடுத்து வந்தாள். நான் மறுபடியும் கிரீஸ் வைத்தேன்.

ஏழாவது சலசலத்தது. சாவிக்கொத்து. எட்டாவதில் கிர்ரென்று பூட்டு திரும்பியது.

ஒன்பதாவது என் தலைக்கு நேர்மேலே. அதன் அட்டையில் ‘ஆரம்பிக்கும்போது மட்டும் ஒரு நீளக் கிறீச்’ என்று எழுதியிருந்தேன். அக்கா ஸ்விட்சைப் போட்டாள். கதவு திறக்கிற சத்தம், அப்படியே. காற்று என் மேல் விழுந்தது.

நான் திரும்பிக் கதவைப் பார்த்தேன்.

தலை நரைத்தவன், பேரன் எடுக்கப்போகிறவன், அம்மா வந்துவிட்டாளா என்று கதவைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. தெரிந்துதான் பார்த்தேன். அப்படியும் கண்ணை எடுக்க முடியவில்லை.

அக்கா இருட்டில் நடந்து வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். என் தலையில் கை வைத்தாள். “சொன்னேன்ல, அம்மா வந்துடுவான்னு” என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஒன்பதாவது ஃபேனும் நின்றது. சவுண்டுக்காரர் மெல்லிய குரலில், “ஒரு நிமிஷம் யாரும் அசையாதீங்க. ரூம் சத்தம்” என்றார். எல்லோரும் அப்படியே நின்றார்கள். நானும் மூச்சை அடக்கித்தான் பார்த்தேன், முடியவில்லை. அந்த நிமிஷம் முழுக்க நான் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் பதிவாகியிருக்கும்.

இரண்டு வாரம் கழித்து சவுண்டுக்காரர் தனியாகக் கடைக்கு வந்தார். படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார்களாம். “சார், அந்த ஒரு நிமிஷத்துல உங்க சத்தம் இருக்கு. என்கிட்ட மெஷின் இருக்கு, தடயமே இல்லாம தொடச்சிடலாம். சுத்தமான சும்மா சத்தமா ஆயிடும். செய்யறதுக்கு முன்னாடி உங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன்.”

அப்போது அக்காவும் அங்கேதான் இருந்தாள், பெஞ்சில் உட்கார்ந்து, நல்ல செம்புக் கம்பியாகத் தேடி எடுத்துக்கொண்டு. அவள் என்னைப் பார்த்தாள்.

“கேட்டீங்களே, அது போதும் சார்” என்றேன். “தொடைக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.”